தாங்காத தூண்கள்: வெயின்ரைட், கேரண்டி கட்டடங்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஏழாம் தெருவும் செஸ்ட்நட் தெருவும் சந்திக்கும் மூலையில் சிவந்த நிறத்தில் 10 மாடி வெயின்ரைட் கட்டடம் நிற்கிறது. கீழ் இரண்டு தளங்களைத் தாண்டியதும் முகப்பில் செங்கல் தூண்கள் வரிசையாகக் கிளம்பி, எங்கும் நிற்காமல் உச்சி வரை போகின்றன. மூலைத் தூண்களை விட்டுவிட்டால் எல்லாம் ஒரே அகலம், ஒரே இடைவெளி. தெருவில் நின்று பார்ப்பவர் இந்தத் தூண்கள்தான் கட்டடத்தைத் தூக்கி நிறுத்துகின்றன என்று நினைப்பார். பாதிதான் உண்மை. ஒன்றுவிட்டு ஒரு தூணுக்குள்தான் எஃகுத் தூண் இருக்கிறது. நடுவில் நிற்பவை எந்த மாடியையும் தாங்கவில்லை. அவை தூண் வேடம் போட்ட சுவர்.

இதைக் கட்டியவர் லூயிஸ் சல்லிவன். 'வடிவம் பயன்பாட்டின் வழியே போகும்' என்று உலகத்துக் கட்டடக் கலைக் கல்லூரிகளெல்லாம் ஒப்பிக்கும் வாக்கியத்தின் சொந்தக்காரர். அவருடைய முதல் புகழ்பெற்ற உயர்கட்டடத்திலேயே பாதித் தூண்கள் வெறும் தோற்றத்துக்கு நிற்கின்றன. ஐந்து வருடம் கழித்து பஃபலோ நகரில் 13 மாடிக் கேரண்டி கட்டடத்தை எழுப்பியபோதும் அவர் அதையே செய்தார். தவறு என்றால் திருத்திக்கொள்ள அவருக்கு அவகாசம் இருந்தது. திருத்தவில்லை. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

ஏன் இந்த இரண்டு?

1890–91இல் எழுந்த வெயின்ரைட் கட்டடத்தையும் 1895–96இல் எழுந்த கேரண்டி கட்டடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் ஒரு வசதி உண்டு. இரண்டுமே வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய அலுவலகக் கட்டடங்கள். இரண்டும் மூலை மனையில் நிற்கின்றன. இரண்டுமே எஃகுச் சட்டகத்தின் மேல் போர்த்தியவை. தரைப்படத்தில் பார்த்தால் இரண்டும் ஆங்கில 'யு' எழுத்து மாதிரி, நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றத்தை விட்டு வளைந்திருக்கின்றன. கட்டியதும் ஒரே நிறுவனம்: சிகாகோவின் ஆட்லர் அண்ட் சல்லிவன். செயின்ட் லூயிஸில் மட்டும் சார்லஸ் ராம்சே என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் கூட்டாளியாக இருந்தார். இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது, கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடுகளில் பெரும்பகுதி சல்லிவன் மனத்தில் அந்த ஐந்து வருடங்களில் நடந்த மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பின்னணி, சுருக்கமாக

1871இல் சிகாகோவின் நடு நகரம் எரிந்து சாம்பலானது. இரும்பு தீப்பிடிக்காது என்று நம்பியிருந்தவர்கள், போர்வை இல்லாத இரும்பு தீயில் இளகி வளைந்து விழுவதைக் கண்ணால் பார்த்தார்கள். இரும்பைச் சுற்றிச் சுடுமண் கவசம் போடும் பழக்கம் அதற்குப் பிறகு வேகமாகப் பரவியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சுடுமண் பிறகு பெரிய வேடத்தில் வரப்போகிறது.

பயணிகள் லிஃப்ட் 1857லேயே நியூயார்க்கில் ஓட ஆரம்பித்துவிட்டது. மனை விலை ஏற ஏற, ஏற முடிந்தவர்கள் மேலே ஏறினார்கள். ஆனால் செங்கல் சுவர் தன் எடையைத் தானே தாங்கவேண்டியிருந்த வரை உயரத்துக்கு ஒரு தண்டனை இருந்தது. சிகாகோவின் மொனாட்நாக் கட்டடத்தில், 1891இல் முடிந்த வடபாதியில், 16 மாடியைத் தாங்கக் கீழ்ச் சுவர் சுமார் 6 அடி தடிமனாக இருக்கிறது. அதிக வாடகை தரக்கூடிய தரைத்தளத்தில் 6 அடியைச் சுவரே தின்றால் முதலாளி என்ன செய்வார்? 1885இல் சிகாகோ கட்டடக் கலைஞர் வில்லியம் லெ பாரன் ஜென்னி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தில் பாரத்தை உலோகச் சட்டகத்துக்குப் பெருமளவு மாற்றிக் காட்டியிருந்தார். சில வருடங்களில் அது முழு எஃகுச் சட்டகமாக வளர்ந்தது. சுவர் மாடிக்கு மாடி சட்டகத்தில் தொங்க ஆரம்பித்தது.

பொறியியல் சிக்கல் தீர்ந்ததும் கலைச் சிக்கல் தொடங்கியது. பாரம் தாங்காத சுவர் எப்படி இருக்கவேண்டும்? யாருக்கும் தெரியவில்லை. பலரும் இத்தாலிய மாளிகை ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்து, அதன் மேல் மூன்றாவதை அடுக்கினார்கள். இரண்டு மூன்று மாடிக்கு ஒரு குறுக்குப் பட்டை. கட்டடம் உயரமாக இருந்தது, ஆனால் இட்லிச் சட்டி போலத் தட்டுத் தட்டாகத் தெரிந்தது.

முதல் நிகழ்வு: செயின்ட் லூயிஸ்

எல்லிஸ் வெயின்ரைட் பணக்கார பீர் உற்பத்தியாளர், கலைப்பொருள் சேகரிப்பவர். அவர் ஆட்லர், சல்லிவன் இருவரிடமும் வந்தபோது அந்த நிறுவனம் சிகாகோவின் ஆடிட்டோரியம் கட்டடத்தை 1889இல் முடித்துப் பேர் வாங்கியிருந்தது. டாங்க்மார் ஆட்லர் ஜெர்மனியில் பிறந்த யூத குருவின் மகன், 1844இல் பிறந்தவர், பொறியியலும் ஒலியியலும் வாடிக்கையாளரைச் சமாளிப்பதும் அவர் பொறுப்பு. சல்லிவன் 12 வயது இளையவர். பாஸ்டன்காரர், எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு வருடம் படித்துவிட்டு ஓடிவந்து, ஜென்னியிடம் வேலை பார்த்து, பாரிஸுக்கும் போய்த் திரும்பியவர். கர்வி என்று கூட இருந்தவர்களே சொன்னார்கள்.

வெயின்ரைட் முகப்பு பிறந்ததைப் பற்றி ஒரு கதை உண்டு. அப்போது அங்கே வரைவாளராக இருந்து, பின்னால் தானே பெரிய கட்டடக் கலைஞரான ஃபிராங்க் லாயிட் ரைட் பிற்காலத்தில் சொன்னது. ஒருநாள் சல்லிவன் வெளியே நடந்துவிட்டு வந்து, ஒரு வரைபடத்தை ரைட்டின் மேசையில் வீசினாராம். உயரமான கட்டடம் என்றால் உயரமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, அதை ஏன் மறைக்கவேண்டும் என்பது அந்தப் படத்தின் பொருள். ரைட் சொல்கிற கதைகளில் கொஞ்சம் உப்பு புளி தூக்கலாகவே இருக்கும், அதனால் காட்சியை அப்படியே நம்பவேண்டியதில்லை. படத்தில் இருந்த யோசனை மட்டும் நிஜம், அது இன்றும் செஸ்ட்நட் தெருவில் நிற்கிறது.

அந்த யோசனை மிக எளிமையானது. அடியில் இரண்டு தளம், பழுப்பு மணற்கல்லில், அலங்காரம் அதிகமில்லாத அடித்தளம் போல. தெருவோடு பேசவேண்டிய கடைகளும் வங்கிகளும் அங்கே. அதற்கு மேல் ஏழு தளம் அலுவலக அறைகள், செங்கல் தூண்கள் இடைமுறியாமல் மேலேறுகின்றன. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அடியில் வரும் சுவர்ப்பட்டையை சல்லிவன் தூணிலிருந்து சற்று உள்ளே தள்ளினார். இந்தச் சில அங்குலம்தான் மொத்த வித்தையும். பட்டை பின்வாங்கியதும் குறுக்குக் கோடுகள் நிழலில் அமுங்கின, நெடுக்குக் கோடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. பட்டைகள் சிவப்புச் சுடுமண்ணில் வார்த்தவை, இலைக்கொடி வேலைப்பாடு மாடிக்கு மாடி மாறுகிறது. எத்தனை பேர் அண்ணாந்து பார்த்து அதைக் கவனித்திருப்பார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே கடைசித் தளம். குழாய்களும் தொட்டிகளும் இயந்திரங்களும் இருக்கிற இடம். அங்கே தூண் நின்றுவிடுகிறது. அகலமான சுடுமண் பட்டை ஒன்று கட்டடத்தைச் சுற்றி வருகிறது, பெரிய சுருள் இலைகளுக்கு நடுவே வட்டச் சிறு ஜன்னல்கள். அதன் தலைக்கு மேல் தட்டையான பலகை போலக் கொடுங்கை முன்னே நீள்கிறது. நம் கோயில் சிற்பிகள் கொடுங்கை என்று சொல்வது வளைந்து இறங்கும், இது வளையாத கொடுங்கை. ஒரு பெட்டிக்கு மூடி போட்ட மாதிரி.

இனி அந்தத் தூண்கள். தரைத்தளத்தில் கடைகளுக்கான அகன்ற திறப்புகளைப் பார்த்தால் உண்மையான எஃகுத் தூண்களின் இடைவெளி தெரிந்துவிடும். மேலே போனதும் அந்த இடைவெளிக்கு நடுவில் ஒரு பொய்த்தூண் முளைக்கிறது. இரண்டுக்கும் அகலத்தில் வேறுபாடு இல்லை. மூலையில் இன்னொரு வேடிக்கை. அங்கே தூண் மற்றவற்றைவிட மிக அகலம். மூலைத் தூண் ஒரு பக்கத்து மாடிகளை மட்டுமே ஏந்துவதால் அதன் மேல் விழும் பாரம் குறைவு. பாரம் குறைந்த இடத்தில் உடம்பு பருத்திருக்கிறது! கண்ணுக்கு அது வேண்டும், ஓரம் மெலிந்தால் முகப்பு சரிந்துவிடுவது போலத் தெரியும். ஆக இந்தக் கட்டடம் பேசுவது எஃகின் மொழியை அல்ல, கண்ணின் மொழியை.

வெயின்ரைட்டின் சொந்தக் கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கட்டடம் முடிகிற 1891லேயே அவருடைய இளம் மனைவி சார்லட் இறந்துபோனார். பெல்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கான கல்லறை மண்டபத்தையும் சல்லிவனே வடிவமைத்தார். கனசதுரத்தின் மேல் ஒரு கவிகை, விளிம்பெல்லாம் மெல்லிய கொடி வேலைப்பாடு. 10 மாடியில் செய்ததைவிட நயமான வேலை என்பது என் கட்சி. அப்புறம் 1902இல் டிராம் கம்பெனி லஞ்ச வழக்கில் வெயின்ரைட்டின் பெயர் வந்தது, அவர் பல வருடம் பாரிஸிலேயே இருந்துவிட்டார். 1924இல் இறந்தார். அதே 1924 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு ஓட்டல் அறையில் சல்லிவனும் கையில் காசில்லாமல் இறந்தார்.

நடுவில் ஐந்து வருடம்

இந்த இடைவெளியில் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. சிகாகோவில் ஷில்லர் கட்டடம் 1892இல், பங்குச்சந்தைக் கட்டடம் 1894இல் எழுந்தன. 1893 உலகக் கண்காட்சியில், எல்லாரும் வெள்ளை ரோமானிய மண்டபங்களாகக் கட்டியபோது, சல்லிவன் போக்குவரத்துக் காட்சிக்கூடத்துக்குப் பல வண்ணச் சுவரும் தங்க நிற வாசலும் வைத்தார். அதே வருடம் பொருளாதாரம் விழுந்தது, வேலைகள் குறைந்தன. வெளியாருக்கு ரகசியமாக வீடு வரைந்து கொடுத்ததற்காக ரைட் வெளியேறவேண்டி வந்தது. அவர் இடத்தில் ஜார்ஜ் கிராண்ட் எல்ம்ஸ்லி தலைமை வரைவாளர் ஆனார். அமைதியானவர், கொடி அலங்காரத்தில் குருவுக்குச் சமமான கை. கேரண்டி கட்டடத்தின் தோலில் எல்ம்ஸ்லியின் கை நிறைய இருக்கிறது. ஆனாலும் பாராட்டெல்லாம் குருவுக்கே போனது, அந்தக் காலத்து அலுவலக வழக்கம் அப்படி.

இரண்டாம் நிகழ்வு: பஃபலோ

பஃபலோ அன்று ஈரி கால்வாயின் மேற்கு முனையில் தானியத்தால் கொழுத்த துறைமுகம். பக்கத்தில் நயாகரா. 1896 நவம்பரில் அந்த அருவியின் மின்சாரம் ஊருக்குள் வந்தது. பென்சில்வேனியா எண்ணெய் வயல்களில் பணம் பண்ணிய ஹாஸ்கல் டெய்லர் ஊரிலேயே சிறந்த அலுவலகக் கட்டடம் தனக்கு வேண்டும் என்று ஆட்லர் அண்ட் சல்லிவனிடம் வந்தார். 1894இல், வேலை தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். கேரண்டி கட்டுமான நிறுவனம் திட்டத்தை ஏற்று முடித்தது, பெயரும் அதனுடையது ஆனது. இரண்டே வருடத்தில், 1898இல், கடனை மாற்றியமைத்த புரூடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் வந்தது. வாசல் ஒன்றில் ஒரு பெயரும் இன்னொன்றில் மற்றப் பெயரும் இன்றும் சுடுமண்ணில் இருக்கின்றன. டெய்லரின் பெயர் எங்கும் ஒட்டவில்லை.

வேலை நடந்துகொண்டிருந்த 1895 கோடையில் ஆட்லர் கூட்டைவிட்டு விலகி, ஒரு லிஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். சில மாதத்தில் அந்த வேலை பிடிக்காமல் திரும்பினார், ஆனால் பழைய கூட்டு மறுபடி ஒட்டவில்லை. இருவரும் சேர்ந்து செய்த பெரிய வேலைகளில் கேரண்டிதான் கடைசி.

கட்டடத்தைப் பார்ப்போம். பேர்ல் தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கும் மூலை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் ரிச்சர்ட் அப்ஜான் கட்டிய புனித பவுல் பேராலயம், கூர்மாடத்துடன். அந்தக் கற்கோயிலுக்கு முன் செம்பழுப்பு நிறத்தில் கேரண்டி எழுகிறது. 13 தளமும், அடி முதல் நுனி வரை, சுடுமண். மணற்கல் இல்லை, முகப்பில் செங்கல் இல்லை. வெயின்ரைட்டில் மூன்று பொருள்கள் மூன்று குரலில் பேசின. இங்கே ஒரே பொருள், ஒரே குரல்.

அந்தச் சுடுமண்ணின் மேல் விரல் வைக்க இடமில்லாத அளவு வேலைப்பாடு. தூண்களில் கணக்கான கட்டங்கள், வட்டங்கள். ஜன்னல் பட்டைகளில் விதையுறைகளும் கிளைகளும். மேலே போகப் போகக் கணக்கு குறைந்து கொடி கூடுகிறது. படித்தவுடன் திகட்டும் என்று தோன்றும், படத்தில் பார்த்தால் திகட்டுவதில்லை. காரணம் வேலைப்பாட்டின் ஆழம். எதுவும் துருத்திக்கொண்டு வெளியே வருவதில்லை, மேற்பரப்பை ஒட்டியே ஓடுகிறது. தூரத்தில் நின்றால் துணியின் நெசவு போல ஒரு சொரசொரப்பு மட்டும் தெரிகிறது, தூண்களின் நெடுக்குக் கோடுதான் முந்துகிறது. நெருங்க நெருங்க நெசவு பூவாகிறது. இதைச் செதுக்க முடியாது, செலவு தாங்காது. களிமண்ணில் ஒருமுறை மாதிரி பிடித்து, அச்செடுத்து, அச்சிலிருந்து வேண்டியமட்டும் வார்த்துச் சுட்டு எடுத்தார்கள். சல்லிவன் காகிதத்தில் வரைந்ததைப் பல வருடம் களிமண்ணில் உயிர்ப்பித்தவர் கிறிஸ்டியன் ஷ்னைடர் என்ற சிற்பி. அவர் இல்லாமல் அந்த இலைகள் இவ்வளவு சதைப்பிடிப்போடு இருந்திருக்காது.

சுடுமண் இங்கே செய்வது இரட்டை வேலை. சிகாகோ தீ கற்றுக்கொடுத்த கவசம் அது. கவசம் எப்படியும் போட்டாகவேண்டும் என்றால் அதையே ஆடையாக்கிவிடலாம் என்பது சல்லிவனின் கணக்கு. வெயின்ரைட்டின் செங்கல் தூண் 'நான் கனமான சுவர், தாங்குகிறேன்' என்று நடிக்கிறது. கேரண்டியின் தூண் அப்படி நடிக்கவில்லை. இவ்வளவு மெல்லிய பூவேலை செய்த ஒன்று பாரம் தாங்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். தோல் தன்னைத் தோல் என்றே காட்டிக்கொள்கிறது. ஐந்து வருடத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றமாக நான் பார்ப்பது இதைத்தான். பாடப்புத்தகங்கள் வழக்கமாகச் சொல்கிற 'அலங்காரம் கூடியது' என்பது அதன் மேலோட்டமான அடையாளம்.

கீழேயும் மேலேயும் இதே மாற்றம் தொடர்கிறது. வெயின்ரைட்டின் அடித்தளம் சுவராகவே தரையில் உட்கார்ந்திருக்கிறது. கேரண்டியில் தரைத்தளத்தில் உருண்டைத் தூண்கள் தனித்து நிற்பது போலத் தெரிகின்றன, கடைக்கண்ணாடிகள் அவற்றுக்கிடையே ஒளிர்கின்றன. 13 மாடி எடை கண்ணாடிக்கு மேல் எப்படி நிற்கிறது என்று கேட்கத் தோன்றும், எஃகுச் சட்டகம் என்பதுதான் பதில். அந்தப் பதிலை மறைக்காமல் காட்டுகிற தரைத்தளம் இது. உச்சியில் தூண்கள் திடீரென்று நிற்பதில்லை. இரண்டிரண்டாக வளைவில் சேர்கின்றன. வளைவுகளுக்கு மேல் வட்ட ஜன்னல்கள், அவற்றைச் சுற்றிச் சுருண்டு ஏறும் கொடிகள், அப்படியே சுவர் வெளிப்பக்கமாக வளைந்து கொடுங்கையாகிறது. இந்த முறை நிஜமாகவே கொடுங்கை. மூடி போட்ட பெட்டியாக இருந்தது இங்கே கிளை விரித்த மரமாகிவிட்டது.

உள்ளே நுழைவுக்கூடத்தில் வண்ணக்கண்ணாடிக் கூரை, மொசைக் பட்டைகள், வேலைப்பாடு செய்த உலோகப் படிக்கட்டு, லிஃப்ட் கம்பி வலை. அறைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவை அறைகள், வாடகைக்கு.

ஒரே ஆண்டில் வந்த கட்டுரை

கேரண்டி முடிந்த 1896ஆம் ஆண்டிலேயே, மார்ச் மாதம், ஒரு மாத இதழில் சல்லிவன் உயரமான அலுவலகக் கட்டடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 'வடிவம் எப்போதும் பயன்பாட்டைத் தொடரும்' என்ற வாக்கியம் அதில்தான் வருகிறது. பிற்காலத்தில் அலங்காரத்தை ஒழிக்க வந்தவர்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். எழுதியவர் அதே சமயத்தில் உடம்பெல்லாம் பச்சை குத்தினது போல ஒரு கட்டடத்தை முடித்துக்கொண்டிருந்தார் என்பதை அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

கட்டுரையை நிதானமாகப் படித்தால் தூண் புதிருக்கு விடை கிடைக்கிறது. அவர் கட்டடத்தைப் பிரிக்கிறார். நிலவறையில் கொதிகலன்களும் இயந்திரங்களும். தரைத்தளம், அதைத் தொட்டு இரண்டாம் தளம். அதற்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் அடுக்கக்கூடிய அலுவலகத் தளங்கள், அவற்றில் ஒவ்வொரு அறையும் தேன்கூட்டின் ஓர் அறை போல. உச்சியில், கட்டடத்தின் குழாய்கள் ஏறி வந்து திரும்பி இறங்குகிற தளம். அந்தத் திரும்பலைத்தான் கேரண்டியின் உச்சி வளைவுகள் வடிவமாக்குகின்றன என்று தோன்றுகிறது. நடுத் தளங்களைப் பற்றி அவர் சொல்வது இன்னும் முக்கியம். ஓர் அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலைப் பிரிக்க ஒரு தூண், ஒரு அடிப்பட்டை, ஒரு மேற்பட்டை தேவை. அறைகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் இவற்றையும் ஒன்றுபோலவே காட்டுகிறோம், அவ்வளவுதான் என்கிறார்.

கவனிக்கவேண்டியது: அலகு எது என்பதை அவர் எஃகிடம் கேட்கவில்லை, அறையிடம் கேட்டார். வாடகைக்காரருக்கு வேண்டியது ஒரு ஜன்னல் அகலமுள்ள சின்ன அறை. இரண்டு அறைகளுக்கு நடுவே தடுப்பு வந்தால் அது முகப்பில் முட்ட ஒரு திடமான இடம் வேண்டும், கண்ணாடியில் முட்ட முடியாது. அறைக்கு ஓர் எஃகுத் தூண் வைத்தால் எஃகு வீண். எனவே எஃகு இரண்டு அறைக்கு ஒன்று, முகப்புத் தூண் அறைக்கு ஒன்று. பாரத்தின் கணக்கில் பொய்த்தூண், வாடகையின் கணக்கில் மெய்த்தூண். சல்லிவனுக்குப் பயன்பாடு என்றால் மனிதர் கட்டடத்தை என்ன செய்கிறார் என்பது. எஃகு எதைத் தாங்குகிறது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம்.

இந்த விளக்கம் எனக்கு முக்கால் பங்கு திருப்தி தருகிறது. கால் பங்கு இடிக்கிறது, ஏனென்றால் வெயின்ரைட்டின் மூலைத் தூணின் பருமனை எந்த வாடகைக்காரரும் கேட்கவில்லை. உயரமான கட்டடம் ஒவ்வோர் அங்குலமும் பெருமிதமாக எழவேண்டும் என்றும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்தப் பெருமிதத்துக்காக நெடுக்குக் கோடுகளை இரட்டிப்பாக்கினார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். பத்து மாடி அப்படியொன்றும் உயரமில்லை, உயரமாகத் தெரியவைக்கக் கோடு தேவைப்பட்டது. அதே 1896இல் பஃபலோவிலேயே டேனியல் பர்னமின் எல்லிகாட் ஸ்கொயர் கட்டடம் திறந்தது. அதுவும் 10 மாடி, இடப்பரப்பில் அன்று உலகின் மிகப் பெரிய அலுவலகக் கட்டடம். படத்தில் பாருங்கள், ஒரு தெருவையே அடைத்துப் படுத்திருக்கிறது. உயரத்தைவிடக் கோடு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

எது சிறந்தது என்று கேட்டால் வரலாற்றுப் புத்தகங்கள் வெயின்ரைட்டை முன்னால் வைக்கின்றன. முந்தியது என்பதால் மட்டுமில்லை, அடி, உடல், தலை என்று கரும்பலகையில் மூன்று கோட்டில் வரைந்து காட்டிவிடலாம். கேரண்டியை அப்படி வரைய முடியாது. என் ஓட்டு கேரண்டிக்குத்தான். வெயின்ரைட் ஒரு நல்ல வாதம், கேரண்டி ஒரு நல்ல கட்டடம்.

இடிப்பாரிடமிருந்து

இரண்டும் தப்பியது அதிர்ஷ்டம். 1960, 70களில் சல்லிவனின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஷில்லர் 1961இல் போனது. சிகாகோ பங்குச்சந்தைக் கட்டடம் இடிபட்டுக்கொண்டிருந்தபோது, அதன் அலங்காரத் துண்டுகளைக் காப்பாற்ற உள்ளே போன புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல் 1972 ஏப்ரலில் இடிபாட்டில் சிக்கி இறந்தார். அதற்குப் பிறகு கொஞ்சம் மனச்சாட்சி உறுத்தியிருக்க வேண்டும். இடிக்கும் பேச்சு வந்தபோது வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை முன்வந்து வெயின்ரைட்டை வாங்கும் உரிமையைப் பிடித்து வைத்தது, பிறகு மிசௌரி மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1981இல் புதுப்பித்து, பக்கத்தில் அதைவிடத் தாழ்ந்த புதுப் பகுதிகளைச் சேர்த்து அரசு அலுவலகமாக்கினார்கள்.

கேரண்டியில் 1974இல் தீப்பிடித்தது. பிறகு இடிக்கும் பேச்சும் வந்தது. செனட்டர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹான் அதற்காக வாதாடி, தன் வட்டார அலுவலகத்தையே அந்தக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார். 1980களின் தொடக்கத்தில் புதுப்பித்தார்கள். பின்னர் ஒரு வழக்கறிஞர் நிறுவனம் வாங்கித் தன் இருப்பிடமாக்கி, சுடுமண்ணைத் துண்டு துண்டாகச் சீர்செய்தது.

தூண் கேள்விக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. ஆட்லர் போன பிறகு, 1899இல், நியூயார்க்கின் பிளீக்கர் தெருவில் பேயர்ட் கட்டடத்தை சல்லிவன் முடித்தார். அதுவும் 13 மாடி, அதுவும் முழுக்கச் சுடுமண், இம்முறை வெள்ளை. முகப்பில் தூண்கள் வழக்கம்போல மேலேறுகின்றன. ஆனால் எஃகு உள்ளவை பருமன், நடுவில் வருபவை கைத்தடி போல மெல்லிய தண்டுகள். ஒரு பருமன், ஒரு மெல்லிசு என்று மாறி மாறி. தெருவில் நிற்கும் எவரும் எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று எண்ணிச் சொல்லிவிடலாம். விமர்சகர் மான்ட்கோமரி ஷைலர் அந்த வருடமே அதைப் பாராட்டி எழுதினார். அறைகள் என்னவோ அங்கேயும் ஒன்றுபோலத்தான் இருந்தன.